மைனஸ் முனையிலிருந்து எண்ணுங்கள்: கடலோரக் கூரையில் பிஐடியைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் முறை

தூத்துக்குடியிலிருந்து தெற்கே திருச்செந்தூர், வடக்கே வேம்பார் வரை கூரை சோலார் பராமரிப்புதான் என் பிழைப்பு. உப்பு கம்பெனி, ஐஸ் ஃபேக்டரி, மீன் பதப்படுத்தும் இடம், கல்யாண மண்டபம் என்று எல்லாக் கூரையிலும் பேனல் இருக்கிறது. வைத்து நாலைந்து வருஷம் ஆனதும் பல முதலாளிகள் சொல்லும் குறை ஒரே மாதிரி இருக்கும்: பேனலைக் கழுவியாச்சு, இன்வெர்ட்டரில் எரர் எதுவும் இல்லை, ஆனால் யூனிட் மட்டும் இறங்கிக்கொண்டே போகிறது.

இதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். அதில் ஒன்று, வெளியே ஒரு கீறல்கூடத் தெரியாமல் உள்ளுக்குள்ளேயே நடப்பது. பேனலின் முகப்புக் கண்ணாடியில் இருக்கும் சோடியம் மெல்ல மெல்லச் செல்லுக்குள் இறங்கி, அங்கே மின்சாரம் கசிய வழி போட்டுவிடும். தொழிலில் இதற்குப் பெயர் பிஐடி (Potential Induced Degradation), அதாவது வோல்ட்டேஜ் வித்தியாசத்தால் பேனல் கெடுவது. கண்ணால் பார்த்து இதைச் சொல்லவே முடியாது. ஆனால் மல்டிமீட்டரும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் யாரும் கண்டுபிடித்துவிடலாம், காலத்தோடு கவனித்தால் பெரும்பகுதியை மீட்கவும் செய்யலாம். நான் வேலை செய்யும் வரிசையிலேயே சொல்கிறேன்.

வீட்டு மாடியில் எட்டுப் பத்துப் பேனல் வைத்திருப்பவர்கள் இதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். ஒன்றோடொன்று தொடராகக் கோர்த்த பேனல் வரிசைக்கு ஸ்ட்ரிங் என்று பெயர்; அந்த ஸ்ட்ரிங் வோல்ட்டேஜ் அறுநூறு, எழுநூறு என்று போகும் இடங்களுக்குத்தான் இந்தக் கவலை.

சோடியம் எங்கிருந்து வருகிறது, ஏன் நகர்கிறது

பேனல் கண்ணாடி பெரும்பாலும் 3.2 மி.மீ. தடிமன் இருக்கும். இரும்பைக் குறைத்து, சூடேற்றிக் கடினமாக்கியது என்றாலும் அடிப்படையில் நம் ஜன்னல் கண்ணாடியின் ஜாதிதான்: மணல், சோடா, சுண்ணாம்பு. எடையில் ஏறக்குறைய 13, 14 சதவீதம் சோடியம் ஆக்சைடு. மணல் குறைந்த சூட்டில் உருகுவதற்காகச் சோடா சேர்க்கிறார்கள். அதைச் சேர்க்காவிட்டால் இந்த விலைக்குக் கண்ணாடி கிடைக்காது. அந்தச் சோடியம் கண்ணாடிக்குள் பிளஸ் அயனியாக இருக்கிறது. சிலிக்கானும் ஆக்சிஜனும் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொண்டிருக்கும். சோடியத்துக்கு அவ்வளவு பிடிமானம் கிடையாது. சூடும் மின்புலமும் சேர்ந்தால் நகர ஆரம்பித்துவிடும்.

மின்புலத்தை நாமேதான் கொடுக்கிறோம். ஃபிரேமை எர்த் செய்திருக்கிறோம், அதனால் அது 0 வோல்ட். இப்போது வரும் இன்வெர்ட்டர்களில் பெரும்பாலும் டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது; ஸ்ட்ரிங்கின் இரண்டு முனையும் எர்த்தோடு சேராமல் மிதந்துகொண்டிருக்கும். 700 வோல்ட் ஸ்ட்ரிங் என்றால் பிளஸ் முனை எர்த்தைவிடச் சுமார் 350 வோல்ட் மேலே, மைனஸ் முனை 350 வோல்ட் கீழே. ஆக, மைனஸ் முனையில் இருக்கும் பேனலில் செல் −350 வோல்ட்டில், அதைச் சுற்றியுள்ள ஃபிரேம் 0 வோல்ட்டில். பிளஸ் அயனி எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. நடுவில் இருக்கும் பேனல்களுக்கு இந்த இழுப்பு கிட்டத்தட்ட இல்லை. பிளஸ் முனையில் சோடியம் செல்லைவிட்டு விலகித் தள்ளப்படும்.

கண்ணாடி காய்ந்திருந்தால் ஃபிரேமை ஒட்டிய ஓரங்களில்தான் இந்த இழுப்பு பலமாக இருக்கும். பனி படிந்தால் கதை வேறு. ஈரப்படலம் மின்சாரத்தைக் கடத்தும். கண்ணாடி முழுப்பரப்பும் எர்த் ஆகிவிடும். கடலோரத்தில் கண்ணாடிமேல் எப்போதும் ஒரு பூச்சு உப்பு இருக்கும், அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும், லேசில் காயாது. மார்கழிக் காலை ஏழரை மணியை எடுத்துக்கொள்ளுங்கள்: கண்ணாடி நனைந்திருக்கிறது, இன்வெர்ட்டரோ எழுந்து முழு வோல்ட்டேஜில் ஓடுகிறது. மழை விட்டுச் சுள்ளென்று வெயில் அடிக்கும் நேரமும் இப்படித்தான். பிஐடிக்கு இதைவிட வசதியான நேரம் கிடையாது.

கண்ணாடியிலிருந்து கிளம்பும் சோடியம், செல்லைக் கண்ணாடியோடு ஒட்டும் ஈவிஏ பிளாஸ்டிக் அடுக்கைத் தாண்டி, செல்லுக்கு நீல நிறம் தரும் சிலிக்கான் நைட்ரைடு பூச்சையும் தாண்டுகிறது. அந்தப் பூச்சு நூறு நானோமீட்டர்கூட இருக்காது. அதன் கீழே சிலிக்கான் படிகத்தில் அங்கங்கே அடுக்கு பிசகிய இடங்கள் உண்டு. சோடியம் அதற்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. செல்லில் மின்சாரம் உருவாகக் காரணமான பி-என் சந்தி மேற்பரப்பிலிருந்து அரை மைக்ரான் ஆழத்துக்குள்தான் இருக்கிறது. சோடியம் நிறைந்த பிசகு அந்தச் சந்தியைக் குறுக்கே வெட்டிப் போவதால், வெளியே வரவேண்டிய மின்சாரம் உள்ளேயே கசிந்துவிடும். ஜெர்மனியில் ஹாலே நகரத்து ஃபிரான்ஹோஃபர் ஆய்வகத்தினர் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் இந்தச் சோடியத்தை நேரடியாகவே பார்த்து எழுதியிருக்கிறார்கள். ஆய்வகத்தில் சோடியம் இல்லாத குவார்ட்ஸ் கண்ணாடியை வைத்துப் பார்த்தபோது இந்தச் சேதம் பெருமளவு நின்றுபோனது.

ஸ்ட்ரிங் வோல்ட்டேஜால் செல் பாதிக்கப்படும் என்பதை 2005இலேயே அமெரிக்காவின் சன்பவர் தன் என்-டைப் பேனல்களில் கண்டு வெளியிட்டது (செல் சிலிக்கானில் என்-டைப், பி-டைப் என்று இரண்டு வகை உண்டு). சாதாரண பி-டைப் பேனலிலும் இது வருகிறது என்று 2010இல் ஹொனலுலு மாநாட்டில் ஜெர்மனியின் சோலான் ஆட்கள் விரிவாகச் சொன்ன பிறகுதான் பிஐடி என்ற பெயர் எல்லார் வாயிலும் வந்தது.

இதே சோடியம் சிஐஜிஎஸ் என்ற மெல்லிய படல பேனலில் வேண்டி அழைக்கும் விருந்தாளி. அங்கே அடிக்கண்ணாடியிலிருந்து கொஞ்சம் சோடியம் ஏறினால்தான் செல்லின் திறன் கூடும். கண்ணாடியில் இல்லாவிட்டால் தனியாகவே சேர்ப்பார்கள். நம்மூர்க் கூரையில் அந்த வகை அபூர்வம் என்பதால் அதை இத்தோடு விடுகிறேன்.

சந்தேகம் எப்போது வரவேண்டும்

இன்வெர்ட்டர் ஆப்பைத் திறந்து மத்தியான உச்சத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடுகிறவர்கள்தான் அதிகம். பிஐடி முதலில் கைவைப்பது காலையிலும் சாயங்காலத்திலும். காரணம் எளிது. செல்லில் ஒரு ஆம்பியர், ஒன்றரை ஆம்பியர் கசிகிறது என்று வையுங்கள். மத்தியானம் 9 ஆம்பியர் தரும் செல்லுக்கு அது ஆறில் ஒரு பங்கு. வெயில் மங்கிய நேரத்தில் அந்தச் செல் தருவதே ஒன்றரை ஆம்பியர்தான்; அத்தனையும் உள்ளேயே போய்விடும்.

அதனால் போன வருஷம் இதே மாதத்தில் மேகமில்லாத ஒரு நாளை எடுத்து, காலை ஏழு மணி கிராஃபையும் இன்றைய கிராஃபையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இன்வெர்ட்டர் முன்பைவிடத் தாமதமாக எழுகிறதா? ஸ்ட்ரிங் வாரியாகப் பிரித்துக் காட்டும் ஆப் என்றால் இன்னும் நல்லது. அழுக்கும் வயசும் எல்லா நேரத்திலும் ஒரே விகிதத்தில் குறைக்கும். காலையில் அதிகம், மத்தியானம் கொஞ்சம் என்று குறைந்தால் பிஐடியைச் சந்தேகப்படலாம். பக்கத்தில் புதிதாக எழும்பிய மாடியோ தண்ணீர்த் தொட்டியோ காலை நிழல் தருகிறதா என்பதையும் ஒருமுறை மேலே ஏறிப் பார்த்துவிடுங்கள். அதற்கும் கிராஃப் இப்படித்தான் இருக்கும்.

அளக்கும் முறை

இதுதான் முக்கியமான வேலை, இதில்தான் பலர் நேரத்தைத் தப்பாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். மத்தியானம் பன்னிரண்டு மணிக்குப் போய் ஒவ்வொரு பேனலின் வோல்ட்டேஜையும் அளந்து, எல்லாம் ஒன்றுபோல இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடுவார்கள். வெயில் உச்சத்தில் இருக்கும்போது கசிவு வோல்ட்டேஜில் பெரிதாகத் தெரியாது. மங்கிய வெளிச்சத்தில் அளக்க வேண்டும். காலையிலும் அளக்கலாம்தான், ஆனால் கூரையும் ஃபிரேமும் பனியில் நனைந்திருக்கும். எழுநூறு வோல்ட் டிசியை வைத்துக்கொண்டு அந்த ஈரத்தில் நான் இறங்க மாட்டேன். சூரியன் மறைய ஒரு மணி நேரம் இருக்கும்போது கூரை காய்ந்திருக்கும், வெளிச்சமும் அதே அளவுதான். அடர்ந்த மேகம் மூடிய, ஆனால் மழை இல்லாத பகலும் தோதுப்படும்.

வயரில் கைவைக்கும் முன் வரிசை தவறக் கூடாது. இன்வெர்ட்டரின் ஏசி பிரேக்கரை இறக்குங்கள், அடுத்து டிசி ஐசொலேட்டர் (பேனல் பக்கத்து சுவிட்ச்). அப்புறம் டிசி அளக்கும் கிளாம்ப் மீட்டரை ஸ்ட்ரிங் வயரில் போட்டு கரண்ட் பூஜ்யம்தானா என்று உறுதிசெய்யுங்கள். கரண்ட் ஓடும்போது, பேனல் வயர்களை இணைக்கும் எம்சி4 கனெக்டரைப் பிடுங்கினால் ஆர்க் (மின்பொறி) அடிக்கும். டிசி ஆர்க் ஏசி மாதிரி தானாக அணையாது. முதலில் ஸ்ட்ரிங்கின் நடுவில் ஒரு கனெக்டரைப் பிரித்துவிட்டால் எழுநூறு வோல்ட் இரண்டு துண்டாகிவிடும், பிறகு கால் பங்குகளில் பிரியுங்கள். ஆயிரம் வோல்ட் டிசிக்கான மீட்டர், அதற்கான கையுறை, கூட ஒரு ஆள் இவை மூன்றும் இல்லாமல் ஏறாதீர்கள்.

அடுத்தது மைனஸ் முனை எது என்று கண்டுபிடிப்பது. இன்வெர்ட்டரிலிருந்து வரும் மைனஸ் வயர் எந்தப் பேனலில் சேர்கிறதோ அது ஒன்றாம் நம்பர். அங்கிருந்து வயரைக் கையால் தொட்டுக்கொண்டே எண்ணுங்கள். பேனல் உட்கார்ந்திருக்கும் வரிசையை நம்பாதீர்கள். வயர் மிச்சம் பிடிப்பதற்காகப் பல இடங்களில் ஒன்று விட்டு ஒன்று இணைத்துப் போய், மிச்சமிருப்பவற்றைத் திரும்பி வரும்போது கோர்த்திருப்பார்கள். அங்கே ஒன்றாம் பேனலும் இருபதாம் பேனலும் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கும். இடவரிசையில் அளந்தால் ஒன்று கெட்டது, ஒன்று நல்லது என்று மாறி மாறி வந்து, கம்பெனி மட்டமான பேனல்களைக் கலந்து கொடுத்துவிட்டது என்று தோன்றும். மின்வரிசையில் எழுதினால் படம் தானாகத் தெளிந்துவிடும். சாக்பீஸால் ஃபிரேமின் பக்கவாட்டில் நம்பர் போட்டுக்கொள்வது என் வழக்கம்.

எல்லா எம்சி4ஐயும் முன்கூட்டியே பிரித்து வைத்துவிட்டு, வெளிச்சம் தோதாக வந்ததும் ஒருவர் அளக்க, ஒருவர் எழுத, மளமளவென்று முடியுங்கள். சாயங்கால வெளிச்சம் நிமிஷத்துக்கு நிமிஷம் இறங்கும். அதனால் நடுவிலுள்ள ஏதாவது ஒரு நல்ல பேனலை முதலில் ஒருமுறையும் கடைசியில் ஒருமுறையும் அளந்துவிடுங்கள். இரண்டுக்கும் நடுவே அரை வோல்ட்டுக்குமேல் வித்தியாசம் வந்தால் மறுநாள் திரும்ப அளப்பதே நல்லது.

ஒரு ஐஸ் ஃபேக்டரியில் எடுத்த அளவுகளைத் தருகிறேன். 330 வாட், 72 செல், பி-டைப் பேனல், ஸ்ட்ரிங்குக்கு இருபது. பெயர்ப்பட்டையில் ஓப்பன் சர்க்யூட் வோல்ட்டேஜ் (எதனோடும் இணைக்காதபோது காட்டும் வோல்ட்டேஜ்) சுமார் 46. மத்தியானம் பேனல் சூடாக இருக்கும்போது இருபதாம் பேனல் 40.8 வோல்ட் காட்டியது, ஒன்றாம் பேனல் 39.4. கூட வந்த பையன், "அண்ணே, எல்லாம் சரியாத்தான இருக்கு" என்றான். சாயங்காலம் அதே மீட்டர், அதே ஆள். மைனஸ் முனையிலிருந்து வரிசையாக: 23.6, 25.1, 27.8, 29.5, 33, 36.2, 38.9, 40.2. ஒன்பதாவதிலிருந்து கடைசி வரை எல்லாம் 41க்குப் பக்கத்தில். அடுத்த ஸ்ட்ரிங்கிலும் இதே ஏணி. முதலாளி அந்தத் தாளை வாங்கி ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "ஏடே, அப்ப நான் மாசாமாசம் ஆளு வச்சிக் கழுவுனது எதுக்கு?" என்றார். கழுவியதும் வீண் இல்லை அண்ணாச்சி, உப்பு போனதால்தான் இது இன்னும் மோசமாகாமல் இருக்கிறது என்றேன். அவருக்கு அது பெரிய ஆறுதலாக இருந்ததாகத் தெரியவில்லை.

அந்த ஏணிதான் ஆதாரம். மைனஸ் முனையில் அதிகம், உள்ளே போகப்போகக் குறைவு, பாதியைத் தாண்டினால் ஒன்றுமில்லை. வேறெந்தக் கோளாறும் இந்த வடிவத்தில் வராது. பேனலின் மூன்று பகுதிக்கும் தலைக்கு ஒன்றாக இருக்கும் பைபாஸ் டையோடில் ஒன்று ஷார்ட் ஆகியிருந்தால் வோல்ட்டேஜ் சரியாக மூன்றில் ஒரு பங்கு குறையும், 41 இருக்கவேண்டிய இடத்தில் 27 வரும். மத்தியானம் அளந்தாலும் அதேபோலக் குறைந்தே இருக்கும், ஸ்ட்ரிங்கில் எந்த இடத்துப் பேனலிலும் வரலாம். அழுக்கு, செல் விரிசல், சாதாரண முதுமை எதற்கும் மைனஸ் முனை எது என்று தெரியாது.

தெர்மல் கேமரா கையில் இருந்தால் நல்ல வெயிலில் பேனல் ஓடிக்கொண்டிருக்கும்போது பாருங்கள். பாதித்த பேனலில் சில செல்கள் பக்கத்துச் செல்களைவிடக் கொஞ்சம் சூடாக, சிதறலாகத் தெரியும். ஃபிரேமை ஒட்டிய வரிசைகளிலும், தண்ணீர் வடிந்து தேங்கும் கீழ் ஓரத்திலும் அதிகம் இருக்கும். சூட்டு வித்தியாசம் சில டிகிரிதான், ஹாட்ஸ்பாட் மாதிரி பளிச்சென்று இருக்காது. இரவில் பேனலுக்குள் கரண்ட் செலுத்தி எடுக்கும் இஎல் படம் இதைவிடத் துல்லியமானது. எடுக்கச் சொன்னால் முழு கரண்ட்டில் ஒன்று, பத்தில் ஒரு பங்கு கரண்ட்டில் ஒன்று என்று இரண்டு படம் கேளுங்கள். குறைந்த கரண்ட்டில் கசியும் செல்கள் கறுத்துப்போய்க் கிடக்கும். வாரண்டி கேட்கப்போகும் இடத்தில் இந்த இரண்டு படமும் உங்கள் வோல்ட்டேஜ் தாளும் சேர்ந்தால்தான் மதிப்பு.

மெகர் (இன்சுலேஷன் அளக்கும் கருவி) போட்டுப் பார்த்து இன்சுலேஷன் நன்றாக இருக்கிறது, அதனால் பிஐடி இல்லை என்று சொல்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன். பேனலின் ஈர இன்சுலேஷனுக்கு ஐஇசி (மின்சாதனங்களுக்கான சர்வதேச தர அமைப்பு) கேட்பது ஒரு சதுர மீட்டர் பரப்புக்கு 40 மெகா ஓம். இரண்டு சதுர மீட்டர் பேனலுக்கு 20 மெகா ஓம் இருந்தாலே பாஸ். சோடியத்தை நகர்த்த மைக்ரோ ஆம்பியர் கணக்கில் கசிவு இருந்தால் போதும். பாஸ் ஆன பேனலிலும் அது தாராளமாக ஓடும்.

சரிசெய்வது

நல்ல விஷயம், பி-டைப் சிலிக்கானில் வரும் இந்தக் கசிவு பெரும்பாலும் திரும்பக்கூடியது. செல்லை எர்த்தைவிடப் பிளஸ் ஆக்கினால் சோடியம் வந்த வழியே விலகும். காலத்தோடு செய்ய வேண்டும், அவ்வளவுதான். முற்றிவிட்ட பேனல் பழைய வாட்டுக்கு முழுசாகத் திரும்பாது.

முதலில் இன்வெர்ட்டர் மெனுவைப் பாருங்கள். த்ரீ ஃபேஸ் ஸ்ட்ரிங் இன்வெர்ட்டர்கள் பலவற்றில் பிஐடி ரெக்கவரி உள்ளேயே இருக்கிறது, சிலவற்றில் கூடுதல் அட்டையாக வரும். பொருத்தியவர்கள் அதை ஆன் செய்யாமலே போயிருப்பார்கள். உள்ளே இல்லையென்றால் தனியாக ஆன்டி-பிஐடி பெட்டி வாங்கி டிசி முனைகளுக்கும் எர்த்துக்கும் நடுவே போடலாம். இரண்டும் செய்வது ஒன்றுதான்: பொழுது சாய்ந்து பேனல் வோல்ட்டேஜ் இறங்கியதும், ஸ்ட்ரிங் முழுவதையும் எர்த்தைவிடச் சில நூறு வோல்ட் பிளஸ்ஸில் தூக்கி வைத்து, விடிந்ததும் விட்டுவிடும். பேனலின் சிஸ்டம் வோல்ட்டேஜ் எவ்வளவோ, 1000 என்றால் 1000, அதை மீறி செட் செய்யக் கூடாது. டிசி பக்க சர்ஜ் அரெஸ்டர் (மின்னல் பாதுகாப்புக் கருவி) அந்த வோல்ட்டேஜைத் தாங்குமா என்றும் பார்த்துவிடுங்கள்.

இதில் எங்கள் பக்கம் அடிக்கடி நடக்கும் கூத்து ஒன்று உண்டு. வாட்ச்மேன் ராத்திரி கம்பெனியைப் பூட்டும்போது, சூரியன்தான் இல்லையே, சோலாருக்கு எதுக்குக் கரண்ட் என்று இன்வெர்ட்டரின் ஏசி பிரேக்கரையும் சேர்த்து இறக்கிவிட்டுப் போய்விடுவார். ரெக்கவரி நடப்பதே ராத்திரியில்தான், அதற்குக் கரண்ட் வேண்டும். பிரேக்கரில் பெரிய எழுத்தில் "இரவிலும் அணைக்காதீர்" என்று ஒட்டிவையுங்கள். அதன் பக்கத்திலேயே இன்னொன்றும் ஒட்ட வேண்டும்: "இரவிலும் டிசி வயரில் வோல்ட்டேஜ் இருக்கும்." ராத்திரியில் பேனல் செத்துக் கிடக்கும் என்ற நம்பிக்கையில் வயரைத் தொடுகிற எலெக்ட்ரீஷியன்கள் நிறைய.

பலன் எப்போது தெரியும்? சில வாரத்திலிருந்து சில மாதம் வரை ஆகும். ஆரம்பத்தில் வேகமாக ஏறி, பிறகு மந்தமாகும். சூடான இரவுகளில் சீக்கிரம் ஏறும். சித்திரை, வைகாசி இதற்கு நல்ல காலம். மாதம் ஒருமுறை அதே சாயங்கால அளவை எடுத்துப் பழைய தாளுக்குப் பக்கத்தில் எழுதுங்கள். அந்த ஐஸ் ஃபேக்டரியில் ஐந்தாம் பேனலிலிருந்து எட்டு வரை கிட்டத்தட்ட முழுசாக மீண்டுவிட்டன. முதல் இரண்டும் முப்பத்தைந்து, முப்பத்தாறில் நின்றுவிட்டன, அதற்குமேல் அசையவில்லை.

பெட்டி வாங்கக் காசில்லை என்றால் பேனல்களை இடம் மாற்றுவது ஒரு வழி. வயரை மட்டும் மாற்றிக் கோர்த்து, மைனஸ் முனையில் கிடந்த அடிபட்ட பேனல்களைப் பிளஸ் முனைக்குக் கொண்டுபோய்விட்டால், பகலில் ஓடும்போதே அவை கொஞ்சம் கொஞ்சமாகத் தேறும். ஆனால் அங்கிருந்து இங்கே வந்த நல்ல பேனல்கள் இனி அடிவாங்க ஆரம்பிக்கும். ஒரே கம்பெனி, ஒரே வகைதானே. ஆக இது காலத்தை நீட்டும் வேலைதான், மருந்து அல்ல. பல ஸ்ட்ரிங் இருக்கும் கூரையில் எனக்குப் பிடித்த ஏற்பாடு: மோசமான பேனல்களை எல்லா ஸ்ட்ரிங்கிலிருந்தும் பொறுக்கி ஒரே ஸ்ட்ரிங்கில், தனி எம்பிபிடியில் (இன்வெர்ட்டரில் அந்த ஸ்ட்ரிங்கைத் தனியாகக் கவனிக்கும் உள்ளீடு) போட்டுவிடுவது. நோஞ்சான் பேனல் நாலு, இருபது பேனலின் கரண்ட்டையும் பிடித்து இழுக்கும். அவற்றை ஒன்றாக ஒதுக்கிவிட்டால் மற்ற ஸ்ட்ரிங்குகள் அன்றைக்கே நிமிர்ந்துவிடும்.

மைனஸ் முனையை எர்த் செய்துவிட்டால் பிஐடியே வராது என்று படித்திருப்பீர்கள். உண்மைதான், ஆனால் தனி டிரான்ஸ்ஃபார்மர் உள்ள, தயாரிப்பாளரே அனுமதிக்கும் இன்வெர்ட்டருக்கு மட்டும். டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத இன்வெர்ட்டரில் மைனஸை எர்த்தில் கட்டினால், தெருவில் இருக்கும் இபி டிரான்ஸ்ஃபார்மரின் நியூட்ரல் எர்த் வழியாகவே சுற்று முடிந்து இன்வெர்ட்டர் போய்விடும், தீயும் பிடிக்கலாம். பகலிலேயே வோல்ட்டேஜை எர்த்துக்கு மேலே தூக்கிவைக்கும் முறையும் சொந்த டிரான்ஸ்ஃபார்மர் வைத்திருக்கும் பெரிய பிளாண்ட்டுகளுக்குத்தான்.

இன்னொரு விபரீதமான யோசனையும் உலாவுகிறது: ஃபிரேம் எர்த்தைக் கழற்றிவிட்டால் இழுப்பு இருக்காதே என்று. செய்யவே செய்யாதீர்கள். எங்காவது இன்சுலேஷன் போனால் ஃபிரேமில் கைவைத்த ஆள் உயிரோடு இருக்க மாட்டார். நாலு சதவீத யூனிட்டுக்காக அந்த வேலை வேண்டாம்.

கழுவுவதைப் பற்றி ஒரு வரி. அது வந்த பிஐடியைப் போக்காது, ஆனால் உப்பு குறைந்தால் ஈரம் சீக்கிரம் காயும், கசிவு மட்டுப்படும். காலைப் பனியோடு கழுவாமல் சாயங்காலம் இன்வெர்ட்டர் தூங்கிய பிறகு கழுவுங்கள். கண்ணாடி நனைந்திருக்கும் நேரமும் வோல்ட்டேஜ் இருக்கும் நேரமும் ஒன்றாக வராமல் பார்த்துக்கொள்வதுதான் கணக்கு. ராத்திரி ரெக்கவரி ஓடும் இடமாக இருந்தால் முதலில் அதை நிறுத்திவிட்டுத்தான் தண்ணீர்க் குழாயைத் தூக்க வேண்டும்.

புதிதாக வாங்கும்போது

விற்பவரிடம் ஐஇசி டிஎஸ் 62804-1 சான்றிதழின் நகலைக் கேளுங்கள். அரசு டெண்டர்களில் இந்த எண்ணைப் பரவலாகக் கேட்கிறார்கள், தனியாரும் கேட்கலாம். பேனலை 85 டிகிரி சூட்டில், 85 சதவீத ஈரப்பதத்தில், முழு சிஸ்டம் வோல்ட்டேஜில் 96 மணி நேரம் வைத்துப் பார்ப்பது அதன் ஒரு முறை. 2021இல் வந்த ஐஇசி 61215 பதிப்பில் இந்தப் பரிசோதனையை உள்ளேயே சேர்த்துவிட்டார்கள். பவர் இழப்பு 5 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். சான்றிதழை வாங்கியதும் இரண்டு விஷயத்தை விரல் வைத்துப் படியுங்கள். ஒன்று, எந்த வோல்ட்டேஜில் சோதித்தார்கள்: நீங்கள் 1500 வோல்ட் ஸ்ட்ரிங் போடப்போகிறீர்கள், சான்றிதழ் 1000 வோல்ட்டுக்கு என்றால் அது உங்களுக்கானது அல்ல. இரண்டு, எந்த உறைப்பொருளை வைத்துச் சோதித்தார்கள்: பிஓஇ (ஈவிஏக்குப் பதிலாகப் போடும் இன்னொரு பிளாஸ்டிக்) வைத்துப் பாஸ் வாங்கிவிட்டு, சரக்கில் சாதாரண ஈவிஏ போட்டு அனுப்பினால் அந்தக் காகிதத்துக்கு அர்த்தமில்லை. பிஓஇயின் மின்தடை ஈவிஏயைவிட மிக அதிகம், ஈரத்தையும் குறைவாகவே உள்ளே விடும். கடலோரத்துக்கு நான் பிஓஇதான் கேட்கச் சொல்வேன், விலை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை.

இப்போது சந்தையில் வரும் டாப்கான் போன்ற என்-டைப் பேனல்களுக்கும், இரண்டு பக்கமும் கண்ணாடி வைத்த பைஃபேஷியல் பேனல்களுக்கும் இங்கே சொன்ன கணக்கை அப்படியே போடாதீர்கள். அங்கே கசிவைவிட, மின்னேற்றம் தேங்கி செல்லின் மேற்பரப்பு கெடுவது ஒரு வகையாக வருகிறது. வெயில் பட்டாலே ஓரளவு தேறுவதும் உண்டு. செல்லின் அமைப்பைப் பொறுத்து எந்த முனை அடிவாங்கும் என்பதும் மாறும். சன்பவரின் அந்தப் பழைய என்-டைப் பேனலில் பாதிப்பு பிளஸ் பக்கம் வந்தது, அதனால் பிளஸ்ஸை எர்த் செய்யச் சொன்னார்கள். தயாரிப்பாளரின் கையேட்டில் எர்த்திங் பற்றிய பக்கத்தைப் படிக்காமல் ரெக்கவரி பெட்டியின் திசையைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

பேனல் வந்து இறங்கிய அன்றைக்கே, பொருத்துவதற்கு முன், ஸ்ட்ரிங்குக்கு இரண்டு மூன்று பேனலையாவது சாயங்கால வெளிச்சத்தில் அளந்து, சீரியல் நம்பரோடு எழுதி வையுங்கள். பொருத்தி முடிந்ததும் வயர் போன வரிசையை ஒரு தாளில் வரைந்து, மைனஸ் முனைப் பேனலைச் சுழித்து, இரண்டு தாளையும் லேமினேட் செய்து டிசி பெட்டிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். வாரண்டியில் கடலிலிருந்து இத்தனை மீட்டருக்குள் இருந்தால் பொறுப்பில்லை என்ற மாதிரி வரி ஏதும் இருக்கிறதா என்று, பணம் கட்டுவதற்கு முன்னாலேயே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.